முலாம்பழ விதையா, காய்ச்சிய பாலா

என் வீட்டுக்காரர் சைஃபிதீன் இருபத்தெட்டு வருஷமாக குஜந்த் நகரத்தில் மூன்றாம் நம்பர் பஸ் ஓட்டுகிறார். நல்லவேளை, அந்தப் பஸ் போவதற்கு ஒரே ஒரு ரோடுதான். நாற்சந்தியில் நிறுத்தி இடமா வலமா என்று அவரே முடிவு பண்ண வேண்டியிருந்தால், ஏறிய ஜனங்கள் இன்னும் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். முலாம்பழம் வாங்கிவா என்று சந்தைக்கு அனுப்பினால் ஒவ்வொரு பழத்தையும் தட்டிப் பார்த்து, காதோடு வைத்துக் கேட்டு, கடைசியில் இரண்டு பழங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பார். பழக்காரனே பாவப்பட்டு ஒன்றைக் கையில் திணித்து அனுப்பிவிடுவான். ஒரு தடவை பெருநாளுக்குச் செருப்பு வாங்கப் போனவர் கறுப்பா பழுப்பா என்று சாயங்காலம் வரை யோசித்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார். பெண் பிறந்தபோது இரண்டு மாதம் பிள்ளைக்குப் பேர் இல்லை. மெஹ்ரங்கீஸா, மெஹ்ரிநிசோவா என்று யோசனை. பதிவு அலுவலகத்து அம்மாள் பேனாவைத் தூக்கி மேஜையில் எறிந்த பிறகு, "மெஹ்ரங்கீஸ்னு எழுதுங்க" என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டில் முடிவு என்று ஒன்று இருந்தால் அது என் வாயிலிருந்து வந்ததுதான். தெருவில் யாருக்காவது குழப்பம் வந்தால், "மஸ்தூராகிட்ட கேளு, ஒரே மூச்சில சொல்லிடுவா" என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

இந்த ஜூலை மாதம் ஒரு சுவருக்கு மஞ்சள் அடிப்பதற்குள் அந்த மனுஷன் என் உயிரை வாங்கிவிட்டார். நடந்ததைச் சொல்கிறேன்.

இவருடைய அண்ணன் உபைதுல்லோ சந்தையில் உலர்ந்த ஆப்ரிகாட் பழ வியாபாரம் செய்கிறார். இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மாமனார் இறந்துபோனதால் இவரை வளர்த்தது, லைசென்ஸ் வாங்கிக்கொடுத்தது, எங்கள் கல்யாணத்துக்குப் புலாவ் அண்டா வைத்தது எல்லாம் அவர்தான். அவர் சொல்லி இவர் மறுத்த நாள் கிடையாது. அந்த அண்ணனும், என் ஓரகத்தி ஹோசியாத் அக்காவும் ஜூன் கடைசியில் ஒருநாள் வந்து உட்கார்ந்து, அண்ணனுடைய கூட்டாளியின் மகன் பஹ்ரோமுக்கு எங்கள் மெஹ்ரங்கீஸைக் கேட்கிறார்கள் என்றார்கள்.

பையன் ரஷ்யாவில் வேலை செய்கிறான். லீவில் வந்திருக்கிறான், ஆகஸ்ட் பத்தாம் தேதி திரும்பிப் போகிறான். அதற்குள் எங்கள் வழக்கப்படி ரொட்டி பிட்டுச் சம்பந்தத்தை உறுதி பண்ணிவிட வேண்டும், கல்யாணம் அடுத்த லீவில். மாடி வீடு, மூன்று பசு, நல்ல குடும்பம்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் ஹோசியாத் அக்கா. "வீட்டுக்கு வர்ற மருமக வேலைக்குப் போறது அவங்களுக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரிய விட்டுடணும். அதனால என்ன, மாமியாருக்குத் துணையா இருப்பா."

எங்கள் பெண் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருஷம் ஆகிறது. இரவு டியூட்டி முடிந்து வந்தால்கூட இன்றைக்கு எத்தனை பிள்ளை பிறந்தது என்று கதை சொல்லிவிட்டுத்தான் படுப்பாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டு விரிப்பில் அவள், "எனக்கு இது வேணாம்மா" என்றாள்.

"ஒன்னை யாரும் கேக்கல," என்றேன் நான். "பெரியப்பா நல்லது கெட்டது தெரியாமயா கேப்பார்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அந்த மனுஷன் தேநீர்க் கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. வேணும் என்றாவது சொல்ல வேண்டும், வேண்டாம் என்றாவது சொல்ல வேண்டும். வாயில் கொழுக்கட்டையா இருக்கிறது?

மறுநாள் நான் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால், விருந்தறை போர்க்களமாகக் கிடக்கிறது. மெத்தைகள், கம்பளங்கள் எல்லாம் எங்கள் படுக்கையறையில் கூரை முட்டக் குவிந்திருக்கின்றன. நீலம் போட்டு அடித்த பழைய சுண்ணாம்புச் சுவரைப் பாதி சுரண்டி, சுரண்டிய பாதிக்கு வெள்ளைப் பட்டி பார்த்து வைத்திருக்கிறார். நடுச்சுவரில் கதவகலத்துக்கு இரண்டு மஞ்சள் கட்டங்கள், ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம்.

"ரொட்டி பிடுறதுன்னா விருந்தறை பளிச்சுனு இருக்க வேணாமா?" என்றார். "இடது பக்கம் முலாம்பழ விதைக் கலர். வலது பக்கம் காய்ச்சின பால் கலர். எது நல்லாருக்கு, சொல்லு."

அட, இவராக ஒரு வேலையைத் தொடங்கிவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம். மூலையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன, இரண்டின் மேலும் இவர் கையெழுத்தில் பேர் எழுதிய சீட்டு. நான் சுவரைப் பார்த்தேன். இரண்டும் இளமஞ்சள்தான். இடது பக்கம் துளி மங்கல், வலது பக்கம் துளி பளிச்சு.

"காய்ச்சின பால்," என்றேன் ஒரே மூச்சில்.

"ஆமா, நானும் அதான் நெனச்சேன்," என்றார். "ஆனா காலைல வெளிச்சத்துல முலாம்பழ விதைதான் தூக்குது."

அன்று ஆரம்பித்தது கழுத்தறுப்பு. காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு தடவை பார்ப்பார். பஸ் விட்டு வந்ததும் ஒரு தடவை. விளக்கைப் போட்டு ஒரு தடவை, அணைத்து ஒரு தடவை. ஜன்னல் திரையைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடிக்கச் சொல்வார். தலையை இந்தப் பக்கம் சாய்ப்பார், அந்தப் பக்கம் சாய்ப்பார். "பாரு மஸ்தூரா, விதையில ஒரு அமைதி இருக்கு" என்பார். கலரில் என்ன ஐயா அமைதி? நாங்கள் படுக்க இடமில்லாமல் முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கொசுக்கடியில் படுத்துக்கொண்டிருக்கிறோம், இவருக்குச் சுவரில் அமைதி!

"இன்னொரு கோட் அடிச்சுப் பாருங்களேன், தெளிவாத் தெரியும்," என்று சொன்னேன்.

"வேணாம் வேணாம், ஒரு கோட்லதான் நிஜக் கலர் தெரியும்," என்றார். அதையும் நம்பினேன்.

விஷயம் தெருவுக்கும் போய்விட்டது. எதிர்வீட்டுக் கும்ரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "முலாம்பழ விதைதான் மங்களமா இருக்கு" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. "கண்ணு இருக்கா ஒனக்கு? பிணம் கெடத்துற அறை மாதிரி இருக்கு அது!" என்றேன். அன்றிலிருந்து அவளும் நானும் பேசவில்லை. அவள் புருஷன் காய்ச்சிய பால் கட்சியில் சேர்ந்துவிட்டான் என்று அவனோடும் அவள் பேசவில்லை. ரொட்டி சுடுகிறவர் வந்து பார்த்தார். பஸ் கண்டக்டர் வந்து பார்த்தார். இவர் ஒவ்வொருத்தருக்கும் தேநீர் கொடுத்து, கருத்துக் கேட்டு, "நீங்க சொல்றதும் சரிதான்" என்று தலையாட்டி அனுப்பினார்.

ஹோசியாத் அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தார். "ஏன்டி மஸ்தூரா, ஒரு சுவத்துக்கு மூணு வாரமா? பையன் வீட்டுல சிரிக்கிறாங்க."

"எனக்கு வாச்சது அப்படிக்கா. நான் என்ன பண்ண?"

"இவர் முடிவு பண்றதுக்குள்ள ஒன் பொண்ணு கெழவி ஆயிடுவா."

எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. உபைதுல்லோ அண்ணனும் ஒருநாள் வந்து, "அந்த அறை வேணாம்டா, முற்றத்துல வச்சே ரொட்டிய பிட்டுடலாம்" என்றார்.

"அண்ணே, ஒரே பொண்ணு," என்றார் இவர் பவ்யமாக. "அரைகுறையாக் கெடக்கிற வீட்டுல ரொட்டி பிட்டா, அவ வாழ்க்கையும் அரைகுறையாத்தான் இருக்கும்னு நாலு பேரு பேச மாட்டாங்களா?"

அண்ணனுக்குச் சகுனம் என்றால் பயம். மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார். ஆனால் போகும்போது கெடு வைத்துவிட்டுப் போனார். அந்த மாதம் இருபத்தாறாம் தேதி, சனிக்கிழமை, சஃபர் பிறக்கிறது. சஃபர் மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், ரொட்டி பிடமாட்டார்கள். சஃபர் முடிவதற்குள் பையன் விமானம் ஏறிவிடுவான். பையன் வீட்டில் வேறு பெண்ணும் பார்த்து வைத்திருக்கிறார்களாம். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரொட்டி. அதைத் தாண்டினால் இந்தச் சம்பந்தம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வரை சுவரில் இரண்டு கட்டங்கள் அப்படியே இருந்தன.

இவர் பஸ்ஸுக்குப் போயிருந்தார். மெஹ்ரங்கீஸ் இரவு டியூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வெறுத்தே போய்விட்டேன். இந்த மனுஷனை நம்பினால் விடியாது, நானே அடித்துவிடுகிறேன் என்று பழைய கவுனை மாட்டிக்கொண்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, 'காய்ச்சின பால்' என்று சீட்டு ஒட்டிய டப்பாவை இழுத்துவைத்துக் கத்தியை எடுத்தேன்.

டப்பாவை யாரும் திறக்கவே இல்லை. மூடியைச் சுற்றிக் கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் வளையம் அறுபடாமல் இருக்கிறது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திறக்காத டப்பாவிலிருந்து கலர் சுவருக்கு எப்படி வந்தது? வளையத்தை அறுத்து மூடியை நெம்பினேன். உள்ளே வெள்ளை. மேல்கூரைக்கு அடிக்கிற வெறும் வெள்ளை.

மற்ற டப்பாவைத் திறந்தேன். அதில் மஞ்சள் இருந்தது, பிரஷ் பட்ட அளவுக்குக் குறைந்திருந்தது. பிரஷை முக்கி, பட்டி பார்த்த வெள்ளைப் பாதியில் ஒரு இழுப்பு இழுத்தேன். அதே பிரஷால் பழைய நீலச் சுண்ணாம்புப் பாதியில் ஒரு இழுப்பு. ஜூலை வெயில், நான் அப்படியே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிட்டது. வெள்ளையின் மேல் இழுத்தது காய்ச்சிய பால். நீலத்தின் மேல் இழுத்தது முலாம்பழ விதை.

இரண்டும் ஒரே டப்பா. ஒரே மஞ்சள்.

மூன்று வாரத்துக்கு மேலாக நான் சண்டை போட்டது, கும்ரியோடு பேசாமல் இருந்தது, ஒரே மூச்சில் முடிவு சொல்லிப் பெருமைப்பட்டது எல்லாம் இதற்குத்தானா! என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

நாலு மணிக்கு அவர் வந்தார். முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால் டப்பா மூடியைக் கொண்டுபோய் வைத்தேன்.

"என்னங்க இது?"

அவர் மூடியைப் பார்த்தார். துண்டை எடுத்து மெதுவாக முகத்தைத் துடைத்தார்.

"கேக்கறேன்ல? தெருவே என்னைப் பாத்துச் சிரிக்குது. என்னை முட்டாளாக்கி ஆட வச்சுட்டு நீங்க பந்தலுக்குக் கீழ தேநீர் குடிச்சீங்களா?"

"சத்தம் போடாத. பாப்பா தூங்குறா."

"சத்தம் போடுவேன்! பிடிக்கலன்னா ஒங்க அண்ணன்கிட்டப் பிடிக்கலன்னு சொல்றதுதான? நாப்பத்தொம்பது வயசு ஆம்பள, சுவத்துக்குப் பின்னால ஒளியிறீங்களே, வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு," என்றார். கட்டிலில் உட்கார்ந்தார். "அண்ணன்கிட்ட முடியாதுன்னு நான் சொன்னதே இல்ல மஸ்தூரா. அந்த வார்த்தை எனக்கு வராது. ரெண்டு ராத்திரி தனியாச் சொல்லிப் பாத்தேன், பஸ்ல கண்ணாடி முன்னால. வரல. ஆனா என்னால முடிவு பண்ண முடியலன்னு சொன்னா ஊரே நம்பும். அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு."

"நீங்க எப்பங்க முடிவு பண்ணீங்க?"

"அவ அன்னைக்கு ராத்திரி என்னைப் பாத்தாள்ல, அப்பவே." துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அப்பறம் கிண்ணம் கழுவப் போறேன்னு போயி அழுதா. நீ பாக்கல. நான் பாத்தேன்."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. எங்கிட்ட ஏன் சொல்லல என்று மட்டும் கேட்டேன். அவர் கொடியில் தொங்குகிற திராட்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு அண்ணனும் ஹோசியாத் அக்காவும் வந்துவிட்டார்கள். அக்கா கையில் நாளை ரொட்டி சுற்றுவதற்கான புது விரிப்பு. அண்ணன் உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"டேய், இன்னும் ரெண்டு கட்டமாவே நிக்குதா! ரெண்டு பெயிண்டர்களுக்குச் சொல்லிட்டேன். காலைல ஆறு மணிக்கு வருவாங்க, மத்தியானத்துக்குள்ள காஞ்சுடும். எந்த டப்பான்னு மட்டும் சொல்லு."

"அண்ணே, இடது பக்கம் பாத்தீங்கன்னா..."

"நீ வாயைத் தெறக்காத!" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பினார். "மஸ்தூரா, இந்த வீட்டுல புத்தியுள்ளவ நீ ஒருத்திதான். நீ சொல்லும்மா. எந்த மஞ்சள்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நான் நாலு மணிக்கு அவருக்கு எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. பேசி முடிக்காமலே எழுந்து மாவு பிசையப் போய்விட்டேன். இப்போது நான் 'வலது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலையில் பெயிண்டர்கள் வந்துவிடுவார்கள், சாயங்காலம் ரொட்டி. மாடி வீடு, மூன்று பசு. ஓரகத்தி முன்னால் என் தலை நிமிரும்.

மெஹ்ரங்கீஸ் வாசலில் தேநீர்க் கெண்டியோடு நின்றாள். தூங்கி எழுந்த முகம். கெண்டியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், சூடு உறைக்காதவள் மாதிரி.

நான் சுவருக்குக் கிட்டே போனேன். தலையை இந்தப் பக்கம் சாய்த்தேன், அந்தப் பக்கம் சாய்த்தேன். மத்தியானம் நான் இழுத்த இரண்டு இழுப்புகளும் மூலையில் தெரிந்தன, அதை மறைத்து நின்றுகொண்டேன்.

"நானும் நேத்து வரைக்கும் காய்ச்சின பால்னுதான் சொல்லிட்டிருந்தேன் மச்சான்," என்றேன் அண்ணனிடம். "ஆனா இன்னைக்குப் பாத்தா விதையும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப விதை."

"இல்ல... அவசரப்பட்டு அடிச்சுட்டு அப்பறம் பத்து வருஷம் பாத்துட்டிருக்கணுமே. எனக்கு முடிவு பண்ண முடியல மச்சான்."

எனக்குக் கல்யாணமான இருபத்துநாலு வருஷத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. ஹோசியாத் அக்கா வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தார். அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஒரு வீட்டுக்கு ஒருத்தன் போதாதா!" என்று கத்தினார். "இவனோட இருந்து இருந்து நீயும் இப்படி ஆயிட்டியா? போங்க, ரெண்டு பேரும் சுவத்தையே கட்டிக்கிட்டு அழுங்க!" புது விரிப்பை அக்கா கையிலிருந்து பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். அக்கா பின்னாலேயே போனார், போகிற வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு. அந்தத் திட்டு மறுநாளே தெரு முழுக்கப் பரவிவிட்டது. கும்ரி வந்து, "பாத்தியா, விதைதான் நல்லாருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சமாதானம் பேசினாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன், வேறு என்ன செய்ய?

சனிக்கிழமை சஃபர் பிறந்தது. பையன் வீட்டார் வேறு பெண்ணுக்கு வெள்ளிக்கிழமையே ரொட்டி பிட்டுவிட்டார்கள் என்று ரொட்டி சுடுகிறவர் காலையில் சொல்லிவிட்டுப் போனார். எட்டு மணிக்கு நான் ரோலரை எடுத்தேன். பழைய நீலத்தைச் சுரண்டி, மிச்சப் பட்டியைப் பார்த்து, அது காய்ந்ததும் பத்து மணிக்கு மஞ்சளைத் தொடங்கினேன். மூன்று மணி நேர வேலை. இதற்கு இருபத்தைந்து நாள்!

மெஹ்ரங்கீஸுக்கு அன்று லீவு. ஓரத்துக்குப் பிரஷ் பிடித்துக்கொண்டிருந்தாள். எந்த டப்பா என்று கேட்கவே இல்லை, நேராக மஞ்சள் டப்பாவில் பிரஷை முக்கினாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மொதல் நாளே தெரியும்மா. அப்பா ஒரு டப்பாதான் தெறந்தார், நான்தான் துணி நனைச்சுக் குடுத்தேன்."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னை ஆட்டி வச்சீங்களா?"

"நாங்க ஒண்ணும் பேசிக்கல. அவரும் சொல்லல, நானும் கேக்கல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி."

அவள் பிரஷை டப்பா விளிம்பில் வழித்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நீங்க பெரியம்மா கட்சின்னு நெனச்சோம்மா."

கழுதை என்று திட்ட வாயெடுத்தேன். ரோலரிலிருந்து மஞ்சள் சொட்டிச் சொட்டி என் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் அவர் வந்து நின்றார். சுவரை மேலும் கீழும் பார்த்தார், தலையைச் சாய்த்தார். "மஸ்தூரா, ரெண்டாவது கோட் இன்னைக்கே அடிச்சுடலாமா? இல்ல நல்லாக் காயட்டும்னு நாளைக்கு அடிக்கலாமா?"

இந்தத் தடவை நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார்.

"இன்னைக்கே!" என்று கத்தினேன். பெயிண்ட் நெடி என்று சொல்லித் தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.